பத்துக்கு ஒன்பது அறையில் எத்தனை அடிக் கட்டில் போடலாம்?

மதுரை வில்லாபுரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மரப்பட்டறை இருக்கிறது. மரத்தைத் தொடுவது என் வீட்டுக்காரர் வேலை. வீடுகளுக்குப் போய் அளவெடுப்பது, நோட்டில் எழுதுவது, பாக்கி வசூலிப்பது எல்லாம் என் வேலை. 17 வருஷமாக டேப்பும் நோட்டுமாகப் பிறர் வீட்டுப் படுக்கையறைக்குள் போய் வருகிறேன். ஆம்பளை ஆள் அளவெடுக்கப் போனால் நிலைவாசலோடு நிறுத்திவிடுவார்கள். நான் போனால் பீரோவைத் திறந்து காட்டி, யார் எந்தப் பக்கம் படுப்பார்கள், யார் ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போவார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்கள். கட்டில் அளவு அதில்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆவணியில் சீர்க் கட்டில் ஆர்டர் வந்தது. ஆறரைக்கு ஆறு, தேக்கு, தலைமாட்டுப் பலகையில் எதிரெதிராக இரண்டு மயில், நடுவில் ஒரு குத்துவிளக்கு. "மாப்பிள்ளை வீட்டு ரூம் எத்தனை அடிண்ணே?" என்று கேட்டேன். பெண்ணின் அப்பா, "அதை எப்படிம்மா போய்க் கேக்கறது? பெருசாக் குடுத்தா வேணாம்னா சொல்லப்போறாங்க?" என்றார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லைதான். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அந்தப் பெண்ணே போன் செய்தாள். "அக்கா, பீரோவைத் திறக்கணும்னா கட்டில் மேல ஏறி உக்காந்துதான் திறக்க வேண்டியிருக்கு. வந்து என்னன்னு பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். கிழமேல் பத்தடி, தென்வடல் ஒன்பது. தலைமாடு கிழக்குச் சுவரில். மெத்தை ஆறரைக்கு ஆறு என்றால் சட்டமும் தலைப்பலகையும் சேர்ந்து கட்டிலின் வெளி அளவு 6 அடி 10 இஞ்சுக்கு 6 அடி 4 இஞ்ச். கால்மாட்டில் மிச்சம் 3 அடி 2 இஞ்ச். அந்த மேற்குச் சுவரில்தான் பீரோவும் நிற்கிறது. இரும்பு பீரோவின் ஆழம் 19 இஞ்ச். அதைக் கழித்தால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே 19 இஞ்ச் இருக்கும். மூன்றடி அகல பீரோவுக்கு ஒரு கதவு 18 இஞ்ச். கதவு திறக்கிறது, ஆனால் திறந்த கதவுக்குப் பக்கத்தில் மனுஷி நிற்க இடம் இல்லை. பக்கவாட்டில் பீரோவை வைக்கலாமா என்றால் அங்கே இருப்பது 2 அடி 8 இஞ்ச்தான். பீரோ போக 13 இஞ்ச். கதவே திறக்காது.

கட்டிலை ஓர் அடி வெட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பெண்ணின் அப்பாவிடம் சொல்லாமல் பட்டறைக்குக் கொண்டுவந்து ஐந்தடி அகலமாக்கினோம். தலைப்பலகையில் நடு ஓர் அடியை எடுத்ததில் குத்துவிளக்கு போய்விட்டது. இப்போது இரண்டு மயிலும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நிற்கின்றன. இலவம் பஞ்சு மெத்தை என்பதால் அதையும் பிரித்து ஐந்தடிக்குத் தைக்க முடிந்தது. மிஞ்சிய பஞ்சில் நாலு தலையணை. பீரோ வடக்குச் சுவருக்கு நகர்ந்தது, அதன் முன்னால் 25 இஞ்ச் நிற்க இடம் கிடைத்தது. சீர் கொடுப்பவர்களுக்கு அதனால் ஒன்று சொல்கிறேன். அறை அளவை நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், "தச்சர் கேக்கறார், கதவு அகலம் தெரியணுமாம்" என்று பழியை எங்கள் மேல் போட்டுக் கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கதவை அளக்கப் போகிற சாக்கில் அறையையும் அளந்துவிடலாம்.

சரி, அளப்பது எப்படி? வீட்டு பிளானில் 10 x 10 என்று போட்டிருப்பதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். அது பெரும்பாலும் செங்கல்லுக்குச் செங்கல் அளவு. பூச்சு ஏறியதும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் இஞ்ச் போகும். கீழே ஸ்கர்ட்டிங் டைல்ஸ் துருத்திக்கொண்டிருந்தால் இன்னும் ஓர் இஞ்ச். அறை சதுரமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முனையிலும் நடுவிலும் மூன்று தடவை அளந்து, குறைந்ததை எழுதிக்கொள்ளுங்கள். டைல்ஸை எண்ணிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். "அஞ்சு டைல்ஸ்க்கா, பத்தடி" என்பார்கள். இரண்டடி டைல்ஸ் என்று நாம் சொல்வது 600 மில்லிமீட்டர். அது முழு இரண்டடி கிடையாது, ஒரு டைலுக்கு மூன்று நூல் குறையும். எட்டு நூல் ஓர் இஞ்ச். ஆக ஐந்து டைல்ஸில் கிட்டத்தட்ட இரண்டு இஞ்ச் காணாமல் போயிருக்கும். சின்ன அறையில் இரண்டு இஞ்ச் என்பது கதவு கட்டிலில் இடிப்பதற்கும் இடிக்காததற்கும் உள்ள தூரம்.

சுவரோடு சேர்த்து எழுத வேண்டியவை இன்னும் உண்டு. கதவு உள்பக்கம் திறக்கிறதா, முழுசாகத் திறந்தால் எங்கே வந்து நிற்கிறது. பாத்ரூம் கதவு எந்தப் பக்கம். பீரோவின் கதவு வீச்சு. ஸ்விட்ச் பெட்டி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை எல்லோரும் மறப்பார்கள். தலைப்பலகை வந்து பிளக் பாயின்ட்டை மூடிக்கொள்ளும், அப்புறம் செல்போன் சார்ஜ் போட எக்ஸ்டென்ஷன் வயர் அறை முழுக்க ஓடும்.

இப்போது கட்டில் அளவுகள். குயீன், கிங் என்ற பெயர்களைக் காதில் வாங்க வேண்டாம், ஒவ்வொரு கடையில் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். இஞ்சில் கேளுங்கள். மெத்தையின் நீளம் 72, 75, 78 என்று மூன்றில் வரும். ஆறு, ஆறேகால், ஆறரை அடி. அகலம் 36, 48, 60, 72. அதாவது மூன்று, நாலு, ஐந்து, ஆறு அடி. இவை எல்லாம் மெத்தை அளவு. கட்டில் இதைவிடப் பெரியது. சாதாரணச் சட்டம் வைத்த கட்டிலுக்கு அகலத்தில் மூன்று நாலு இஞ்சும், நீளத்தில் அதே அளவும் கூடும். குஷன் வைத்த தலைப்பலகை என்றால் மேலும் சில இஞ்ச். புத்தகம், மருந்து டப்பா வைக்க அலமாரி மாதிரி செய்த தலைமாடு என்றால் பத்து இஞ்ச் வரை தின்றுவிடும். பத்தடி அறையில் அந்தத் தலைமாட்டை நான் செய்து தர மாட்டேன் என்று சண்டை போட்டதுண்டு. சுவரில் ஒரு பலகை அடித்தால் அதே வேலை நடக்கும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு: வீட்டில் உயரமானவர் எத்தனை அடியோ, அதோடு அரை அடி. ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு ஆறேகால் சரி. ஆறடி இருந்தால் ஆறரை. அந்த அரை அடி இல்லாவிட்டால், தலையணையிலிருந்து கொஞ்சம் கீழே நகர்ந்ததும் கால் வெளியே தொங்கும்.

அகலத்தில்தான் சண்டையே. நாலடிக் கட்டிலில் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு இரண்டடி. ரயிலில் ஸ்லீப்பர் பெர்த் கிட்டத்தட்ட அதே அகலம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி படுத்துப் போனது நினைவிருந்தால், தினமும் அப்படிப் படுக்க முடியுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒல்லியான இரண்டு பேருக்கு, புரளாமல் தூங்குகிறவர்களுக்குப் போதும். எங்கள் வீட்டில் நாலடிதான். அவர் புரளுவார், நான் சுவர்ப்பக்கம் ஒடுங்கிக்கொள்வேன். ஐந்தடி என்றால் ஆளுக்கு இரண்டரை அடி, இது நிம்மதியான அளவு. ஆறடியெல்லாம் 12 அடிக்குக் குறைந்த அறையில் வேண்டாம் என்பது என் கட்சி. "குழந்தை பிறந்தா மூணு பேர் படுக்கணுமே" என்பார்கள். நம் ஊரில் குழந்தை முதல் வருஷத்தில் பாதி நாள் தூளியில்தான் கிடக்கும். தூளிக்குக் கூரையில் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது கட்டிலுக்கு நேர் மேலே வந்துவிட்டால் ஆட்ட முடியாது. கொக்கிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டிரண்டு அடி காலியாக இருக்க வேண்டும்.

நான் அறைக்குள் நின்று முதலில் பார்ப்பது கட்டில் போக மிஞ்சும் தரையைத்தான். ஏறி இறங்குகிற பக்கம் குறைந்தது இரண்டடி. ஒன்றரை அடியில் நடக்கலாம், ஆனால் குனிந்து பெட்ஷீட் சொருக முடியாது. பீரோ முன்னால் இரண்டு அடிக்குக் குறைய வேண்டாம், கதவு 18 இஞ்ச் என்றால் ஆள் ஒதுங்கி நிற்க அதற்கு மேல் கொஞ்சம் வேண்டும். அப்புறம் பாய். இதை ஆங்கில முறையில் வீட்டை அலங்கரிக்கச் சொல்லித்தருகிற யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிரசவத்துக்கு மகள் வந்தால் அம்மா கட்டிலுக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுப்பாள். ஊரிலிருந்து தங்கச்சி வந்தால் அதே இடம். கோடையில் கட்டில் மெத்தை சுடுகிறது என்று கட்டிலின் சொந்தக்காரரே இறங்கித் தரைக்கு வந்துவிடுவார். பாய் ஒன்றுக்கு ஆறுக்கு மூன்று அடி வேண்டும், ஒண்டிக்கொண்டால் இரண்டரை. கட்டிலுக்குப் பக்கத்தில் இந்த ஒரு பாய் இடம் இருக்கிற மாதிரி அளவைத் தேர்ந்தெடுங்கள். பத்துக்கு ஒன்பது அறையில் ஆறேகாலுக்கு ஐந்து கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பக்கத்தில் மூன்றரை அடிக்கு மேல் கிடைக்கும். பீரோவைக் கால்மாட்டுச் சுவரில் கட்டிலுக்கு நேராக இல்லாத மூலைக்குத் தள்ளிவிட்டால் ஒரு பாய் தாராளமாக விழும்.

சுவரோடு ஒட்டிப் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. உள்பக்கம் படுப்பவர் வெளியே வர இன்னொருவரைத் தாண்ட வேண்டும். கர்ப்பிணி, சர்க்கரைக்காரர், மூட்டு வலிக்காரர் யாரையும் சுவர்ப்பக்கம் படுக்க வைக்காதீர்கள். இரண்டு பேருமே வயசானவர்கள் என்றால் நாலடிக்கு இறங்கி, இரண்டு பக்கமும் வழி விடுவதுதான் நல்லது; அல்லது மூன்றடிக் கட்டில் இரண்டை எதிரெதிர்ச் சுவரில் போட்டு நடுவில் நடக்கலாம். ஒன்பதடியில் இரண்டு கட்டிலும் சட்டத்தோடு ஆறரை அடி எடுத்துக்கொண்டால் நடுவில் இரண்டரை அடி வழி. திருநகரில் ஒரு தாத்தா பாட்டிக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். "அம்பது வருஷம் கழிச்சு எங்களைப் பிரிச்சுட்டியே" என்று பாட்டி சிரித்தார். தாத்தாவின் குறட்டை அப்படியும் கேட்கிறதாம்.

திசை ஒன்று பாக்கி இருக்கிறது. "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கட்டில் வந்து இறங்கிய மறுநாள் மாமியாரோ பெரியப்பாவோ வந்து "தலையை வடக்கே வெச்சிருக்கீங்களே" என்று திருப்பிப் போடச் சொல்வது நிச்சயம். அதனால் திருப்பிப் போட்டால் என்ன மிஞ்சும் என்பதையும் முதலிலேயே போட்டுப் பாருங்கள். ஒன்பதடிப் பக்கமாக ஆறேகால் அடிக் கட்டிலை நீட்டினால் சட்டம் போகக் கால்மாட்டில் இரண்டரை அடி. கதவு அங்கே திறந்தால் இடிக்கும்.

இத்தனை கணக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு என் வழி கோலமாவு. அளவெடுக்கப் போகும்போது பையில் ஒரு பாக்கெட் வைத்திருப்பேன். கட்டிலின் வெளி அளவைத் தரையில் கோலமாவால் கோடாகப் போட்டுவிடுவேன். கதவைத் திறந்து அதன் நுனி போகிற வளைவையும் போடுவேன். பீரோ கதவுக்கு இரண்டு அரை வட்டம். "ரெண்டு நாள் இந்தக் கோட்டை மிதிக்காம நடமாடுங்க, அப்புறம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். கூடல்நகரில் ஒரு வீட்டில் ஆறடிதான் வேண்டும் என்று நின்றவர், மறுநாள் சாயங்காலமே போன் செய்து ஐந்து போதும் என்றார். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் துண்டோடு பீரோவுக்குப் போனவர் கோட்டை அழித்துவிட்டாராம். ஈரத் துணி போட்டுத் துடைக்கிற வீடு என்றால் கோலமாவு நிற்காது, பழைய பேப்பரை விரித்து ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள்.

அறைக்குள் சரியாக இருந்தால் போதாது, அறை வரைக்கும் கட்டில் போக வேண்டும். மாசி வீதிகளைச் சுற்றி இருக்கிற சந்து வீடுகளில் மாடிப்படி இரண்டேகால் அடி அகலத்தில்கூட இருக்கும், நடுவில் ஒரு திருப்பம் வேறு. கால், சட்டம், பலகை எல்லாம் கழற்றி மாட்டுகிற கட்டில் என்றால் சிக்கல் இல்லை. தலைப்பலகை ஒன்றுதான் ஒரே துண்டாக வரும், ஐந்தடிக்கு மேல் போனால் திருப்பத்தில் சிக்கும். மெத்தையையும் யோசியுங்கள். இலவம் பஞ்சு மடங்கும், ஃபோம் வளையும், தேங்காய் நார் மெத்தை வளைந்து கொடுக்காது. மடக்கினால் உள்ளே உடைந்து அந்த இடம் குழியாகிவிடும். ஒருமுறை கயிறு கட்டி மொட்டை மாடி வழியாக இறக்கியிருக்கிறோம். கீழே நின்று தெருவே வேடிக்கை பார்த்தது.

நாலடிக்கும் ஐந்தடிக்கும் விலையில் ஏன் அத்தனை வித்தியாசம் என்று கேட்பார்கள். ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடிப் பலகையாகத்தான் வருகிறது. நாலடிக் கட்டிலுக்கு ஒரே பலகை, மேலே ஒட்டு இல்லை. ஐந்தடி என்றால் இரண்டாவது பலகையை வெட்ட வேண்டும், ஒட்டு வருகிற இடத்தில் ஒரு நடுச்சட்டம், அதைத் தாங்க நடுக்கால். கடையில் வாங்குகிற ஐந்தடிக் கட்டிலில் அந்த நடுக்கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் நடுவில் தொட்டில் மாதிரி ஆகும்.

பொருள் வைக்கிற பாக்ஸ் கட்டில் பற்றிச் சுருக்கமாக: பக்கவாட்டில் இழுக்கிற டிராயர் என்றால் இழுக்கவே முன்னால் இரண்டடி வேண்டும், சின்ன அறையில் ஒரு பக்க டிராயரைத் திறக்காமலே ஆயுசு முடியும். மேலே தூக்குகிற வகை பரவாயில்லை, ஆனால் இலவம் பஞ்சு மெத்தையின் கனத்தோடு தூக்குவது எல்லோராலும் ஆகாது. எனக்குப் பிடித்தது கால் வைத்த கட்டில்தான். ஓர் அடி உயரம் இருந்தால் அடியில் டிரங்குப் பெட்டி போகும், சுருட்டிய பாயும் ஜமக்காளமும் போகும், விளக்குமாறும் போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆறேகாலுக்கு மூன்றில் இரண்டு தனிக் கட்டிலாகச் செய்து, போல்ட் போட்டு இணைத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டு அறை சின்னதாக இருந்தால் ஒன்று ஹாலுக்குப் போகும். பிள்ளைகள் வளர்ந்தால் ஆளுக்கு ஒன்று. நடுவில் இரண்டு மெத்தைக்கும் இடையே பள்ளம் விழும், மேலே ஒரு கனமான சென்னிமலைப் போர்வையை விரித்தால் அவ்வளவாகத் தெரியாது.

அட்வான்ஸ் கொடுக்கும்போது சீட்டில் இரண்டு அளவையும் எழுதி வாங்குங்கள்: மெத்தை அளவு தனி, கட்டிலின் வெளி அளவு தனி. நானே ஒரு முறை வெறுமனே "75 x 60" என்று எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் அதை வெளி அளவு என்று எடுத்துக்கொண்டு அறுத்துவிட்டார். மெத்தை உள்ளே இறங்காமல் தோசைக்கல்லில் பெரிய தோசை மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. புதுச் சட்டம் எங்கள் செலவு. அப்புறம் இன்னொன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்ச் விடச் சொல்லி அதையும் எழுதச் சொல்லுங்கள். கச்சிதமாக இருக்கட்டும் என்று தச்சர் அதை விடாமல் செய்துவிடுவார். தினமும் காலையில் பெட்ஷீட் சொருகுகிறவர் நகம்தான் உடையும்.